காட்டு விலங்கோடு ஆன்ம உறவு: இருக்கிறதா, நாமே கட்டிக்கொள்வதா?

மழைக்குருவி:

கொஞ்ச நாளாக மனதில் கிடக்கும் விஷயம் இது. இங்கே பல தரப்பு ஆட்களும் இருப்பதால் கேட்டுவிடுகிறேன்.

காட்டிலோ கடலிலோ ஒரு விலங்கை எதிர்பாராமல் நேருக்கு நேர் சந்திக்கும்போது எனக்குள் ஏதோ ஒன்று அடங்கிப்போகிறது. வழிபாட்டில் சிலருக்கு வரும் அமைதி எனக்கு அங்கேதான் வந்திருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒற்றையடிப் பாதை வளைவில் ஒரு நரி நின்றது. வாயில் ஓர் எலி, மூக்கு நுனியில் ஈர மண். என்னைப் பார்த்தது. ஓடவில்லை. காதுகள் மட்டும் ஒன்று மாற்றி ஒன்று திரும்பின. பிறகு எலியைக் கீழே வைத்துவிட்டு, வாகாகக் கவ்வி எடுத்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் கவலைகள், நான் யார் என்ற நினைப்பு எதுவும் என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் நெடுநேரம் யாரோடும் பேசத் தோன்றவில்லை.

இது வெறும் ரசனை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்த உயிரும் நானும் ஒன்றின் பகுதிகள் என்று உடம்பே அறிந்துகொள்கிற நேரம் அது. ஆன்மிகம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. உங்களுக்கு எப்படி?

கல்வெட்டு:

அக்கா, உங்களுக்குள் நடந்தது நடந்ததுதான். அதை மறுக்க நான் யார்? ஆனால் நரியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். அது உங்களை எடைபோட்டுக்கொண்டிருந்தது. கிட்டே வருவீர்களா, எலி பறிபோகுமா, எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்தது. காது திரும்பியது உங்களுக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று கேட்பதற்காக இருக்கும்.

விலங்கின் முகத்தில் நம் முகத்தையே பார்க்கிறோம், அதுவும் பெரும்பாலும் தப்பாக. டால்பின் சிரிப்பதுபோல் தெரிவது அதன் தாடையின் அமைப்பு. வலியில் துடித்தாலும் அதே சிரிப்பு இருக்கும். சிம்பன்சி பல்லெல்லாம் தெரியக் காட்டினால் அது பெரும்பாலும் பயம். எல்லாவற்றையும்விடக் கொடுமை தேவாங்கு. கிச்சுகிச்சு மூட்டினால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ரசிக்கிறது என்று ஒரு காணொளியை உலகமே பகிர்ந்தது. அந்தத் தேவாங்கு வகைக்கு முழங்கைப் பக்கம் ஒரு சுரப்பி உண்டு. கையைத் தூக்கி, அந்தச் சுரப்பை நக்கி, எச்சிலோடு கலந்து கடித்தால் விஷம். பயந்துபோய்க் கடைசி ஆயுதத்தை எடுக்கிற உயிரைப் பார்த்துத்தான் நாம் உருகினோம். அந்த உருக்கத்தால் அதை வாங்கி வளர்க்க ஆசைப்பட்டவர்கள் வேறு. சந்தையில் விற்பதற்கு முன் பல்லை வெட்டிவிடுவார்கள். 2007இலேயே அதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டும் விற்பனை நிற்கவில்லை.

எனக்கு ஆன்மிகத்தின் மேல் பகை இல்லை. விலங்குக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்லும் இடத்தில்தான் சிக்கல்.

தூரிகை:

கல்வெட்டு சார், நீங்கள் சொல்வது சில இடங்களுக்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துமா? தென்னாப்பிரிக்காவில் துலா துலா காப்பகத்தை நடத்திய லாரன்ஸ் ஆண்டனி, யாரும் வைத்துக்கொள்ள முடியாமல் சுட்டுவிட இருந்த யானைக்கூட்டத்தை ஏற்றுக்கொண்டவர். வேலிக்கு வெளியே நின்று பேசிப் பேசியே அவற்றை அமைதிப்படுத்தினார். 2012 மார்ச்சில் அவர் மாரடைப்பில் இறந்தார். பல மாதங்களாக வீட்டுப் பக்கம் வராத யானைகள் அதன்பின் வந்து நின்றன என்று அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள். அவற்றிடம் யார் போய்ச் சொன்னது?

நான் ஓர் இணையவழி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். மனத்தை அமைதியாக்கி, ஒரு காட்டு விலங்கின் படத்தைப் பார்த்து, நம் எண்ணத்தை அனுப்பி, அது அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் பயிற்சி. போன வாரம் ஓர் ஓநாயின் படம் கொடுத்தார்கள். "எங்களை விட்டுவிடாதீர்கள்" என்ற செய்தி எனக்கு வந்தது. வகுப்பில் இருந்த பலருக்கும் கிட்டத்தட்ட அதேதான் வந்திருந்தது. எல்லாரும் அழுதுவிட்டோம். இதெல்லாம் கற்பனை என்று எப்படித் தள்ளுவது?

நெறியாளர்:

தூரிகையின் பதிவுக்கு வந்த ஒரு பதிலை நீக்கியிருக்கிறேன். கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம்.

கல்வெட்டு:

தூரிகை, நீக்கப்பட்டது என் பதில் இல்லை. இருந்தாலும் வருந்துகிறேன். நம்பிக்கையோடு கேட்பவரிடம் அப்படிப் பேசக் கூடாது.

யானைகள் வந்ததாகச் சொல்வதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். வந்திருக்கலாம். ஆனால் யானைகளோடு வாழ்ந்து இறந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். யானை வராத வீட்டின் கதை நம் காதுக்கு எட்டாது. வந்த ஒன்று மட்டும் எட்டும். அதை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது.

யானைக்குச் சாவைப் பற்றி ஏதோ ஓர் உணர்வு இருப்பதைக் காட்ட நல்ல சோதனையே இருக்கிறது. கென்யாவின் அம்போசெலியில் கேரன் மெக்கோம்ப் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்டார்கள். யானை, எருமை, காண்டாமிருகம் மூன்றின் மண்டையோடுகளையும் வைத்துப் பார்த்தபோது யானைகள் தங்கள் இனத்தின் மண்டையோட்டைத்தான் அதிக நேரம் முகர்ந்தன, தொட்டன. தந்தத்தை வைத்தபோது இன்னும் அதிகம். ஆனால் தங்கள் கூட்டத்தின் இறந்துபோன தலைவியின் மண்டையோட்டையும் வேறு கூட்டத்துத் தலைவியின் மண்டையோட்டையும் வைத்தபோது தனியாக ஒன்றைத் தேர்ந்து நிற்கவில்லை. கேட்கும்போது மனம் கொஞ்சம் ஏமாறுகிறது, இல்லையா? அந்த ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்வதுதான் அந்த விலங்குக்கு நாம் காட்டும் நேர்மை என்று நினைக்கிறேன்.

வகுப்புக்கு வருகிறேன். பெர்லினில் 1904 வாக்கில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை பெயர்பெற்றது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். சொந்தக்காரர் மோசடிக்காரர் இல்லை, மனதார நம்பியவர். நிபுணர் குழு ஒன்று வந்து பார்த்தும் தந்திரம் எதுவும் அகப்படவில்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர்தான் 1907இல் விளக்கினார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை! தட்டும் எண்ணிக்கை சரியான விடையைத் தொட்டதும் கேட்பவரின் தலை இம்மியளவு அசையும். அதைப் பார்த்துக் குதிரை நிறுத்தும். உங்கள் வகுப்பிலும் இதைத்தான் சோதிக்க வேண்டும். அந்த ஓநாயைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாத, பிறகு சரிபார்க்கக்கூடிய ஒரு தகவல் வந்ததா? "எங்களை விட்டுவிடாதீர்கள்" என்பது ஓநாயைப் பற்றிக் கவலைப்படும் எவர் மனதிலும் ஏற்கெனவே இருப்பது.

மழைக்குருவி:

ஹான்ஸ் கதையை எல்லாரும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கணக்குத் தெரியாது, சரி. ஆனால் ஒரு மனிதரின் உடம்பில் அவருக்கே தெரியாமல் நடக்கும் அசைவை அந்தக் குதிரை படித்தது. ஃபுங்ஸ்ட் உண்மையைக் கண்டுபிடித்த பிறகும் அவராலேயே தம் அசைவை முழுக்க அடக்க முடியவில்லை. அத்தனை நிபுணர்கள் பார்த்தும் காணாததைக் குதிரை கண்டது. ஒரு மனிதர் இன்னொரு மனிதர்மேல் அவ்வளவு கவனம் வைப்பதே அபூர்வம். அதிசயம் அங்கே இருந்தது, மக்கள் அதைக் கணக்கில் தேடினார்கள்.

நான் சொல்ல வருவதும் இதுதான். நரி எனக்குச் செய்தி சொன்னது என்று நான் எழுதவில்லை. அது என்னை எடைபோட்டது என்றால் எடைபோடட்டும். நம்மை யார் அப்படி முழுசாகக் கவனிக்கிறார்கள்? அதன் உலகத்தில் நான் ஒரு வாசனை, ஒரு சத்தம், ஓர் ஆபத்து. என் படிப்பும் பெருமையும் அங்கே செல்லாது. அப்படி ஒருமுறை பார்க்கப்பட்டாலே மனிதருக்குள் ஏதோ சரியாகிறது.

தூரிகை, அந்த வகுப்பில் எனக்கும் நம்பிக்கை இல்லை. உண்மையான ஓநாய்க்கு நம்மிடம் சொல்ல ஏதாவது இருந்தால் அது நம் வாசகத்தில் வராது. விலகிப் போ என்பதைத் தவிர வேறெதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

வனத்தடம்:

அடிபட்ட, வழிதவறிய காட்டு உயிர்களைப் பராமரிக்கும் இடத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். இந்த விவாதத்தைப் படிக்கும்போது எனக்குள் கோபமும் வருகிறது, கவலையும் வருகிறது. எங்களிடம் வந்து சேரும் உயிர்களில் ஒரு பங்கு, வெறுப்பால் கெட்டவை இல்லை. அன்பால் கெட்டவை.

மான் தன் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும். தன் வாசனை குட்டியைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் தாய் தள்ளியே இருக்கிறது. குட்டியும் மூச்சுக்கூடத் தெரியாமல் கிடக்கும். யாராவது வருவார், குட்டியின் கண்ணைப் பார்ப்பார், "என்னைக் கூப்பிட்டது" என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். தாய் திரும்பி வரும்போது குட்டி இருக்காது. அந்த நபர் நல்லவர். அழுதுகொண்டேதான் கொண்டுவருவார். குட்டி பிழைத்தாலும் காட்டுக்குத் திரும்புவது கஷ்டம்.

2016இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு காட்டெருமைக் கன்று குளிரில் வாடுகிறது என்று நினைத்துச் சுற்றுலா வந்தவர்கள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பிறகு பூங்கா ஊழியர்கள் எவ்வளவு முயன்றும் கூட்டம் கன்றைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அது மனிதர்களையும் கார்களையும் தேடித் தேடி வந்தது. கடைசியில் கருணைக்கொலை செய்தார்கள். கரடியிடமும் ஓநாயிடமும் இருந்து 91 மீட்டர், மற்றப் பெரிய விலங்குகளிடமிருந்து 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. யாருடைய ஆன்ம அனுபவத்துக்கும் அதில் விலக்கு இல்லை.

அலாஸ்காவின் காட்மாயில் டிமொதி ட்ரெட்வெல் பதின்மூன்று கோடைகள் கரடிகளோடு வாழ்ந்தார். பெயர் வைத்தார், தொட்டார், தாமும் அவற்றில் ஒருவர் என்றே நினைத்தார். 2003 அக்டோபரில் அவரையும் அவரோடு இருந்த தோழியையும் ஒரு கரடி கொன்றது. மீட்க வந்தவர்கள் இரண்டு கரடிகளைச் சுட்டார்கள். அந்த உறவின் கணக்கில் இந்தக் கரடிகளின் சாவையும் எழுத வேண்டும்.

நோய் வேறு. தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகளை 1966இல் போலியோ தாக்கியது. மனிதரிடமிருந்து போயிருக்கும் என்றே கருதப்படுகிறது. 2009இல் ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்களிடையே மனித சுவாச வைரஸ் பரவி உயிர்ப்பலியும் நடந்தது. நாம் நெகிழ்ந்துபோய் விடும் மூச்சு அவற்றுக்கு எமன்.

ஆகவே என் கட்சி தூரம். உங்கள் நெகிழ்ச்சி எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அதைத் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டு:

இதைத்தான் நானும் சொல்கிறேன். நன்றி.

வனத்தடம்:

இல்லை கல்வெட்டு, உங்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. நரி எடைபோட்டது, குதிரை தலையசைப்பைப் பார்த்தது என்று நீங்கள் விளக்கி முடித்ததும் உள்ளே யாருமே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. நான் தினமும் கையில் பிடிக்கிறேன், உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

இறக்கை முறிந்த ஆந்தைக்குக் கட்டுப் போடும்போது துணியால் தலையை மூடுவோம். அலகைப் படபடவென்று தட்டும். துணிக்கடியில் நெஞ்சு அடித்துக்கொள்வது விரல் நுனிக்குத் தெரியும். முகத்தை மூடியதும் மெல்லக் குறையும். கொஞ்சம் தேறியதும் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும். ஒன்று இரையை உடனே தின்னும், இன்னொன்று நாம் அறையை விட்டுப் போகும்வரை தொடாது. திறந்துவிடும்போது எதுவும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

அவை நம்மை அறிந்தும் வைத்திருக்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் ஒரு குகைமனிதன் முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து அடையாள வளையம் மாட்டி விட்டார். அதன் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்து கத்தின. வருடக்கணக்கில் கத்தின. பிடிபடாத காக்கைகளும் கத்தின. தனி ஆளாக நம் முகம் அவற்றின் நினைவில் இருக்கிறது. நாம் செய்ததோடு சேர்த்து இருக்கிறது.

கல்வெட்டு:

உள்ளே யாரும் இல்லை என்று நான் சொல்லவில்லை. மனித மூளை மட்டுமே உணர்வுக்கான அடிப்படையைக் கொண்டதில்லை என்று 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய விஞ்ஞானிகள் கையெழுத்திட்டே அறிவித்தார்கள். பாலூட்டிகள், பறவைகள், ஆக்டோபஸ் வரைக்கும் அதில் சேர்த்தார்கள். எனக்கு அதில் மறுப்பே இல்லை.

உள்ளே ஒருவர் இருக்கிறார் என்பதால்தான் அந்த இடத்தில் நான் என்னைப் போட்டு நிரப்ப மாட்டேன் என்கிறேன். வவ்வாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று 1974இல் தத்துவவாதி தாமஸ் நேகல் கேட்டார். வாயால் சத்தம் எழுப்பி எதிரொலியால் உலகத்தைப் பார்க்கும் உயிரின் உள்ளனுபவத்தை, அதன் நரம்புகளை முழுக்க ஆராய்ந்தாலும் நாம் பெற முடியாது என்றார். "நாமெல்லாம் ஒன்று" என்று சொல்லும்போது அந்த வவ்வால் காணாமல் போகிறது.

அகவெளி:

நான் வயதானவன், நெடுங்காலம் தியானப் பழக்கம் உள்ளவன். மெதுவாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்மிகம் என்றால் எதிரில் இருப்பது நம்மோடு பேச வேண்டும் என்று இங்கே சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். என் பழக்கத்தில் அது முக்கியமே இல்லை. "நான், எனது" என்று ஓயாமல் ஓடும் பேச்சு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அதை நிறுத்துவதற்கு மனிதர்கள் கண்களை மூடி ஆண்டுக்கணக்கில் உட்காருகிறார்கள். ஒரு காட்டு உயிரின் முன்னால் அது தானாக நிற்கிறது. அந்த உயிர் நமக்காக இல்லை, அதனால் நிற்கிறது. வளர்ப்பு நாய் நம்மைப் பார்த்து வாலாட்டும்போது "நான்" இன்னும் கொஞ்சம் பெருக்கத்தான் செய்கிறது.

இதற்கு வெளியிலும் பயன் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஓங்கி வளர்ந்த யூகலிப்டஸ் தோப்பு இருக்கிறது. 2015இல் வெளியான ஒரு சோதனையில் மாணவர்களில் ஒரு பாதியை ஒரே ஒரு நிமிடம் அந்த மரங்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். மறு பாதி பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்தது. பிறகு ஒருவர் தற்செயலாகத் தவறவிட்டதுபோல் பேனாக்களைக் கீழே கொட்டினார். மரத்தைப் பார்த்தவர்களே அதிகம் பொறுக்கிக் கொடுத்தார்கள். சிறிய விஷயம்தான். ஆனால் உள்ளே இடம் உண்டானால் அதில் அடுத்தவர் வந்து உட்கார முடிகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டியதில்லை.

இன்னொருவரைச் சொல்லவேண்டும். ஆல்டோ லியோபோல்டு. 1909இல் அரிசோனாவில் வனத்துறை வேலையில் இருந்த இளைஞர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்று நம்பிய காலம், கண்டதும் சுடுவார்கள். ஒரு தாய் ஓநாயைச் சுட்டுவிட்டுக் கிட்டே போனவர், அதன் கண்ணில் ஒரு பச்சை ஒளி அணைவதைப் பார்த்தார். தமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதற்கும் மலைக்கும் தெரிந்திருந்தது என்று பின்னாளில் எழுதினார். மண், நீர், செடி, விலங்கு எல்லாம் சேர்ந்த சமூகத்தில் மனிதன் ஓர் உறுப்பினன் மட்டுமே என்ற அறநெறியை வகுத்தவர் அவர். ஓநாய் அவருக்கு எதையும் அனுப்பவில்லை கல்வெட்டு. அது செத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கணத்தில் பங்கு அதற்கு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கல்வெட்டு:

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஒரு விவரம் மட்டும் சேர்க்கிறேன். லியோபோல்டு அந்தக் கட்டுரையை எழுதியது 1944இல். சுட்டதற்கும் எழுதியதற்கும் நடுவில் முப்பத்தைந்து வருடம். அந்த இடைவெளியில் அவர் ஓநாய் ஒழிந்த மலைகளில் மான்கள் பெருகிச் செடிகொடிகளை மொட்டையடித்ததைப் பார்த்தார். அந்த அறிவு வந்த பிறகுதான் அந்தக் கண்ணுக்கு அர்த்தம் வந்தது. சுட்ட அன்றே அவர் மாறிவிடவில்லை.

என் பயம் வேறு. நெகிழ்ச்சி பாரபட்சமானது. அது பெரிய கண்ணும் மென்மையான ரோமமும் உள்ளவற்றிடம் போகும். வெண்முதுகுப் பாறு கழுகுக்காக யார் உருகினார்கள்? தொண்ணூறுகளிலிருந்து தெற்காசியாவில் அவை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. செத்துக் கிடந்த கழுகுகளை அறுத்து, சிறுநீரகத்தைச் சோதித்து, மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணிதான் காரணம் என்று கண்டு 2004இல் வெளியிட்டார்கள். 2006இல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் கால்நடைக்கு அதைத் தடைசெய்தன. அழுகிய பிணத்தை அறுத்துப் பார்த்தவர்களுக்கு அங்கே ஆன்ம அனுபவம் எதுவும் வந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மிச்சமிருக்கும் பாறுகள் அவர்களால் பிழைத்திருக்கின்றன.

மழைக்குருவி:

பாறு விஷயத்தில் நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. ஆனால் கைநாற்றம் போகாத அந்த வேலையை ஒருவர் ஏன் வருடக்கணக்கில் செய்கிறார்? யாருக்கும் பிடிக்காத பறவைக்காக? அவர்களிடம் போய்க் கேட்டால் உருக்கம் என்று சொல்லமாட்டார்கள், வேலை என்பார்கள். என்னால் அதை முழுக்க நம்ப முடியவில்லை.

திமிங்கலத்தைப் பாருங்கள். எத்தனை கொல்லப்பட்டன என்ற கணக்கு பல பத்தாண்டுகளாகவே இருந்தது. கணக்கு யாரையும் அசைக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும், கூன்முதுகுத் திமிங்கலங்கள் எழுப்பும் ஒலிகள் திரும்பத் திரும்ப வரும் அமைப்புள்ள பாட்டு என்று கண்டார்கள். கடற்படைக்காக நீருக்கடியில் ஒலி பதிந்த ஒரு பொறியாளர் கொடுத்த நாடா அது. 1970இல் இசைத்தட்டாக வந்தது. மக்கள் கேட்டார்கள், தெருவில் இறங்கினார்கள். 1982இல் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த வாக்களித்தது, 1986இல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பாட்டு நமக்காகப் பாடப்பட்டதில்லை. பாடுவது ஆண் திமிங்கலங்கள், எதற்காக என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நாம் ஒட்டுக்கேட்டோம். ஒட்டுக்கேட்டது போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. கோம்பேயில் சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் பார்த்தது. அருவிக்குப் பக்கத்தில் ஆண் சிம்பன்சிகள் காலை மாற்றி மாற்றி வைத்துத் தாளத்தோடு ஆடும், கொடியைப் பிடித்துத் தொங்கும், கல்லெறியும். பிறகு சில சமயம் உட்கார்ந்து விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும். வியப்பு போன்ற ஓர் உணர்வு அவற்றுக்கும் இருக்கலாம் என்று குடால் நினைத்தார். அப்படியானால் அருவியின் முன் நிற்கும்போது நாம் தனியாக இல்லை.

கல்வெட்டு:

"இருக்கலாம்" என்பதில் நில்லுங்கள் அக்கா, நானும் கூட நிற்கிறேன். அதற்கு மேலே வரமாட்டேன்.

என்னை எது நெகிழ வைக்கும் என்று யாராவது கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவைக் குஞ்சு ஒன்று, பிறந்து ஐந்து மாதம்தான், அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர். பதினோரு நாள். நடுவில் இறங்கவில்லை, தின்னவில்லை, குடிக்கவில்லை. முதுகில் ஒட்டியிருந்த செயற்கைக்கோள் கருவி சொன்ன தகவல் இது. படித்த அன்று இரவு நெடுநேரம் விழித்திருந்தேன். கீழே இத்தனை கோடிப் பேர் சண்டையும் சமாதானமுமாகக் கிடக்க, ஒரு சின்ன உயிர் யாரையும் கவனிக்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது. அது என்னைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிசாக இருந்தது. இதை ஆன்மிகம் என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். உறவு என்று சொன்னால் வருவேன்.

அகவெளி:

வாருங்கள். நானும் இங்கேதான் இருக்கிறேன். நம்மைக் கவனிக்காத ஒன்றுக்காக ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்தால், அதற்கு உறவு என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

தூரிகை:

எல்லாரும் எழுதியதையும் படித்தேன். வகுப்பைப் பற்றி எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. அழுதது பொய் இல்லை, அது மட்டும் தெரியும்.

வேறொரு விஷயம் கேட்க வேண்டும். அந்த வகுப்பை நடத்துபவர்கள் ஓர் "ஆன்மப் பயணம்" ஏற்பாடு செய்கிறார்கள். வனத்துக்குள் ஒரு காப்பகத்தில் ஓநாய்களோடு உட்கார்ந்து, தொட்டு, கண்ணோடு கண் பார்த்து மௌனம் இருப்பது. பணம் கட்ட இன்னும் சில நாள் இருக்கிறது. போகலாமா? வனத்தடம், நீங்கள் சொன்னால் கேட்பேன்.

கல்வெட்டு:

முந்திக்கொள்கிறேன். ஜப்பானில் நாகசாவா குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் நெடுநேரம் பார்த்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுகிறது. தாயும் குழந்தையும் பிணைவதில் பங்குள்ள ஹார்மோன் அது. கையால் வளர்த்த ஓநாய்களிடமும் சோதித்தார்கள். அவை வளர்த்தவரின் கண்ணையே அதிகம் பார்க்கவில்லை, ஹார்மோனும் கூடவில்லை. முறைத்துப் பார்ப்பது பல காட்டு விலங்குகளுக்கு மிரட்டல். உங்களுக்கு மௌனமாக இருக்கும் நேரம் அந்த ஓநாய்க்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

வனத்தடம்:

தூரிகை, அழுதது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஓநாய்கள்மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை உண்மையானது. அதை நல்ல இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். அங்கே இருக்கும் ஓநாய்கள் எங்கிருந்து வந்தன? மனிதர் தொட்டால் சும்மா இருக்கும் ஓநாயை உண்டாக்க ஒரே வழிதான் உண்டு. கண் திறக்கும் பருவத்திலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கையால் பாலூட்டி வளர்க்க வேண்டும். காயம்பட்டு வந்தது, சட்டவிரோதமாக வைத்திருந்தவரிடமிருந்து மீட்டது என்றால் ஆவணம் இருக்கும், காட்டுவார்கள். ஒவ்வொரு வருடமும் புதுக் குட்டிகள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது காப்பகம் இல்லை, இனப்பெருக்கம் செய்து காட்சிக்கு வைக்கும் இடம். வளர்ந்து தொடவிடாமல் போன ஓநாய்கள் பிறகு எங்கே போகின்றன? இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டாம். விலங்கு விரும்பாதபோது விலகி மறைந்துகொள்ள இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நல்ல காப்பகத்தில் பார்வையாளரைத் தொட விடமாட்டார்கள். பல நேரம் விலங்கு கண்ணிலேயே படாது, அதற்காக அவர்கள் மன்னிப்பும் கேட்கமாட்டார்கள்.

அந்தப் பணத்தில் ஒரு நல்ல தொலைநோக்கி வாங்கலாம். ஓநாய் வாழும் நிலத்துக்குப் போய், விடிவதற்கு முன்னால், காற்று உங்கள் பக்கம் வீசுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட இருக்க வேண்டும், தனியாகப் போகாதீர்கள். ஓநாயைப் பார்க்காமலே திரும்ப நேரலாம். ஈர மண்ணில் கால்தடம் கிடைக்கும், ரோமம் நிறைந்த எச்சம் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஊளை கேட்கும். ஊளையைக் கேட்டால் திரும்ப ஊளையிட்டுப் பதில் சொல்லாதீர்கள். குட்டிகள் இருக்கும் பருவத்தில் பதில் ஊளை என்றால் வேற்றுக் கூட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம், அவற்றுக்குப் பதற்றமாகிவிடும்.

தூரிகை:

மூன்று கேள்விகளையும் இன்றே அவர்களுக்கு எழுதி அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.